பத்தாம் நம்பர் கால்

விடியுமுன் செம்மண்ணில் தண்ணீர் தெளித்து
சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் நான்.
காரைக்குடிக் கல்லூரிக் கணக்கில் என் பெயர் மார்க்கர்.
பயிற்சி முடிந்து பெண்கள் வகுப்புக்கு ஓடியபின்
கொஞ்ச நேரம் தரையைப் படிப்பேன்.
இது தர்ஷினி, குதிகாலை ஊன்றவே மாட்டாள்.
இது ஜெபமாலை, இடது சுண்டுவிரல் மண்ணில் படாது.
இது கொப்பாத்தாள்,
கல்லலிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள்.
ஐந்து விரலும் விசிறியாய் விரிந்த கால்.
ரைட் கார்னரில் அவள் ஊன்றிய குழியில்
கோழிக்குஞ்சு தண்ணீர் குடிக்கலாம்.

ஆடியில் திருப்பூரிலிருந்து 'துடி' கம்பெனி வந்தது.
மூன்று வருட ஒப்பந்தம்.
பன்னிரண்டு பேருக்குச் சட்டை, ஷூ,
வெளியூர்ப் போட்டிக்குப் பஸ் காசு.
பஸ் காசு என்றதும் ரெஜினா மேடம்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதுவரை அவர் சம்பளத்தில் போனது அது.
குறை சொல்ல எனக்கு வாய் வராது.
சீனியர் வியர்வை காயாத சட்டையையே போட்டு ஆடியவர்கள்
புதுத்துணியை முகர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அளவுப் பட்டியலை நான்தான் எழுதினேன்.
ஐந்து, ஆறு, ஆறு, ஏழு.
கொப்பாத்தாளுக்குப் பத்து.
"லேடீஸ்ல எட்டோட சரி" என்றார் கம்பெனிக்காரர் திவாகர்,
காரைவிட்டு இறங்காமல்.

ஒப்பந்தத்தின் ஆறாம் பத்தி:
பயிற்சியிலும் அணிய வேண்டும்.
மறுநாள் காலை தரையில் ஒருத்தியையும் காணோம்.
துடி துடி துடி துடி
என்று அச்சடித்த மண்.
மூலையில் ஒரே ஒரு மனுஷியின் கால்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் படம் எடுத்தார்கள்.
வாட்ச்மேன் வாசலை மறித்தார்.
"ஷூவெல்லாம் வெளியில."
திவாகர் பணம் நீட்டினார், யாருக்கோ போன் போட்டார்.
"முதலாளி சிங்கப்பூர்ல.
அவரு வந்தாலும் கழட்டிட்டுத்தான் வருவாரு."
கடைசியில் ஷூ விளம்பரத்துக்கு
பன்னிரண்டு பேரும் வெறுங்காலோடு நின்றார்கள்,
கோயில் வாசலில் செருப்பு விட இடம் தேடுகிறவர்கள்போல்
ஆளுக்கொரு ஜோடியை ஏந்திக்கொண்டு.
கொப்பாத்தாள் கையில் அவளுக்குப் பத்தாத எட்டு.
அன்றைக்கு மட்டும் அவள் வரிசைக்கு நடுவில்.

அடுத்த சேர்க்கைக்குத் தேர்வு நடந்தது.
திவாகருக்கும் ஒரு நாற்காலி.
சிறுவயல் வைரமணி
மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டாள்.
மேடம் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடு போட்டார்.
"இன்ஸ்டால இருக்காங்களா?"
அவளிடம் போனே இல்லை.
அந்த இடம் மதுரைப் பெண்ணுக்குப் போனது.
நாற்பதாயிரம் பேர் அவளைப் பின்தொடர்கிறார்கள்.
நன்றாகவும் ஆடுவாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.
மேடம் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அதே வாரம் கோயம்புத்தூர்க் கல்லூரிக்காரர்கள்
ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலுமாய்க் கல்லலுக்குப் போனார்கள்.
கொப்பாத்தாளைத் தாளில் நிற்கச் சொல்லி
காலைச் சுற்றி வரைந்தார்கள்.
ஹாஸ்டல், கட்டணம், எம்.ஏ. சீட்டு
எல்லாம் அதற்கப்புறம்தான் பேசினார்களாம்.
டி.சி. வாங்க வந்தவள் சொன்னாள்:
"வரைஞ்சாங்கண்ணே.
கூசுச்சு."

தை மாதம் எங்கள் மைதானத்தில் அழைப்புப் போட்டி.
கோயம்புத்தூரிடம் ஒன்பது புள்ளியில் தோற்றோம்.
அதில் ஐந்து, கொப்பாத்தாள் பிடித்த பிடி.
கை கொடுக்கும்போது மேடம்
அவள் கையை விடுவதற்கு மறந்துபோனார்.

கூட்டம் கலைந்தபின் தரையைப் படித்தேன்.
ரைட் கார்னரில் வேறொரு கம்பெனியின் குறி,
ஆழமாய். விரல் தெரியவில்லை.
வேலியோரம் சைக்கிள் சாய்த்த கோடு.
அங்கிருந்து நடுக்கோடு வரைக்கும்
வெறுங்கால் தடம், போனதும் திரும்பியதும்.
கோட்டில் கொஞ்சம் சுண்ணாம்பு கலைந்திருந்தது.
குனிந்து சாண் வைத்துப் பார்த்தேன்.
சின்னக் கால். ஐந்துக்கு மேல் இராது.
பட்டியலில் இருக்கிற அளவுதான்.