படி மார்ச்சில் வரும்

முதல் வரைபடத்தில்
ஆற்றுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி.
பெருமையாகத்தான் விரித்தேன்.
உர்மஸ் விசிலடித்தான்.
ஹெல்வே தன் காப்பிக் கோப்பையை எடுத்து
சரியாக ஆற்றின் மேல் வைத்தாள்.
எடுத்தபோது
நீலக் கோட்டின் குறுக்கே ஒரு பழுப்பு வட்டம்.

எஸ்தோனியாவின் இந்த மூலையில்
பனி உருகும் வாரங்களை ஐந்தாம் பருவம் என்கிறார்கள்,
சொல்லாமல் வந்து தங்கும் சம்பந்தியைப் பற்றிப் பேசுவதுபோல.
ஹலிஸ்டே ஆறு கரையை மறந்துவிடும்.
பழைய களஞ்சியத்தின் சுவரில் ஆணிகள்,
வெள்ளத்துக்கு ஒன்று,
பக்கத்திலேயே கரியில் ஆண்டு.
எல்லாவற்றுக்கும் மேலே, என் தாடைக்கு நேராக
ஆண்டில்லாத ஓர் ஆணி.
கேட்டேன்.
உர்மஸ் நாணல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

பொருட்களில் சண்டையே இல்லை.
ஜனவரியில், சாறு உறங்கும்போது வெட்டிய ஸ்ப்ரூஸ் மரம்.
கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சதுப்புப் பாசி.
கூரைக்குக் கடலோர நாணல்,
பரணுக்கு அண்டை வீட்டு ஆடுகளின் கம்பளி.
பூச்சுக்கு அவர்கள் நிலத்து மண்ணே போதுமா என்று பார்க்க
சின்னவள் கேர்ட் ஊறுகாய் ஜாடியில் அதைக் குலுக்கி வைத்தாள்.
மணல் உடனே உட்கார்ந்தது.
வண்டல் சாயங்காலம்.
களிமண் மட்டும் மூன்று நாள் யோசித்தது.
போதும், என்றேன்,
ஆனால் கீழே கருங்கல்தான்;
தண்ணீர் தொட்டால் இந்தச் சுவர்
அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போய்விடும்.

இரண்டாம் வரைபடத்தில் மூன்று ஜன்னல்.
மூன்றாவதில் ஒன்று.
"ஒன்றும் வேண்டாம்."
"ஆற்றங்கரையை வாங்கிவிட்டு
ஆற்றுக்கு முதுகைக் காட்டுவதா?"
அன்று என் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்,
வீட்டுச் சண்டை அதன் வழியாகவும் கேட்டது.

மே மாதம் புல்லில் முளையடித்துக் கயிறு கட்டினேன்.
சமையலறையில் நின்று உர்மஸ்
இல்லாத அடுப்பின் மேல் கை நீட்டினான்.
கேர்ட் தன் துடுப்புப் படகை இழுத்து வந்து
"இதுக்குக் கதவு?" என்றாள்.
ஹெல்வே கயிறு கயிறாகத் தாண்டிப்போய்
ஆற்றோரக் கடைசி அறையில் மல்லாந்து படுத்தாள்.
களைப்பு என்று நினைத்தேன்.
"கட்டில் இங்கே."
ஜன்னல் வைக்கவா?
"பார்த்து என்ன செய்ய?
அது கிளம்பும்போது
முதலில் எனக்குக் கேட்கவேண்டும்."

ஒரு முழச் சுவர் ஓசையை விழுங்கும்.
நாலு நாள் அழித்து அழித்து வரைந்தேன்.
தலைமாட்டில் உள்ளங்கை அளவு துளை,
உள்ளே சரிந்த மரக்குழல்,
கம்பளி சுற்றிய மூடி.
இதற்கு எங்கள் தொழிலில் பெயர் கிடையாது.
வரைபடத்தில் 'காற்று வழி' என்று பொய் எழுதினேன்.

தரையின் உயரத்தை மீட்டரில் குறித்திருந்தேன்.
ஹெல்வே அதை அடித்துவிட்டுப் பென்சிலில் எழுதினாள்:
ரெய்னின் ஆணிக்கு மேல் ஒரு சாண்.
அந்தப் பெயரை அப்போதுதான் பார்க்கிறேன்.
"என் தம்பி" என்றாள்,
பென்சிலை என்னிடமே நீட்டி.

நகராட்சியிலிருந்து தாள் திரும்பி வந்தது,
இரண்டு சிவப்பு வட்டங்களோடு.
வடக்குக் கதவுக்குப் படி எங்கே?
ஓரத்தில் பதில் எழுதினேன்:
படி மார்ச்சில் வரும், படகோடு.
ரெய்ன் என்பது எந்த அளவை?
அதை
அப்படியே விட்டு
மறுபடி அனுப்பினேன்.