மூத்தாளின் பென்சில்

நாலு வேதத்தையும் ஒரே தோலட்டைக்குள் தைத்திருக்கிறார்கள்.
வெங்காயச் சருகு மாதிரித் தாள்.
அழுத்தினால் மறுபக்கம் தடிக்கும் என்று தெரிந்தவள்போல
ஆர்டித் ஓரங்களில் மெல்லத்தான் எழுதியிருக்கிறாள்.

அவளை நான் பார்த்ததில்லை.
கிழங்குக் கிடங்குச் சாவிகளில் அவள் ஒட்டிய சீட்டுகள்,
நிலவறையில் வருடம் எழுதிய பீச் பழப் புட்டிகள்,
கடைசியாக இது.
டெல்வின் இதை விரிப்பதில்லை, தூசி தட்டுவதுமில்லை.
பிளாக்ஃபுட்டில் பனி கதவை இறுக்கிய ஒரு பிப்ரவரி இரவில்
நான் விரித்தேன்.

தகடுகளிலிருந்து வந்த நூலில்
பிதாவும் மகனும் ஆவியும் ஒரே தேவன். கீழே ஒரு கோடு.
மோசேயின் பேரால் வந்ததில் படைப்பவர் ஒருவர்,
'நான் நான்' என்று பேசுகிறார்.
ஓரத்தில் ஆர்டித்:
இவர் தனியாகவே சமாளித்துவிட்டார்.
சில தாள் தள்ளி, ஆபிரகாமின் பேரால் வந்ததில்,
அதே வானம், அதே பூமி,
ஆனால் தேவர்கள் கலந்து பேசி வகுக்கிறார்கள்.
ஆர்டித்:
இத்தனை பேர் கூடியிருக்கிறார்கள். சமையல் யார்?

சிரித்துவிட்டேன்.
சக்களத்தி எழுதியதற்குச் சிரிக்கலாமா, தெரியவில்லை.

ஒன்றில் சாவுக்கு அப்பால் இரண்டே வாசல்.
இன்னொன்றில் சூரியன், நிலா, நட்சத்திரம் என்று மூன்று மகிமை.
எனக்கு நட்சத்திரம் போதும், சத்தம் குறைவாக இருக்கும்
என்கிறாள்.

பிதாவுக்குச் சதையும் எலும்பும் உள்ள உடம்பு
என்று சொல்லும் இடத்தில் எழுத்து கோணுகிறது.
எலும்பா? பாவம்.
பக்கத்தில் ஒரு தேதி, அக்டோபர்.
ஆஸ்பத்திரி ரசீதுகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன,
எடுத்துப் பார்த்தேன்.
நோய் அவள் இடுப்பெலும்புக்கு இறங்கியது
அந்த வாரம்.

பிறகுதான் நான் தேடிய பக்கம்.

என்னையும் அதே ஆலயத்தில்தான் முத்திரையிட்டார்கள்,
ஸ்னேக் நதிக்கரையில், அவளை முத்திரையிட்ட அதே அறையில்,
காலத்துக்கும், காலம் முடிந்த பின்னும்.
எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள்.
அவர், நான், அவர், நான் என்று
உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தோம்.
எல்லோரும் அழகு என்றார்கள்.
நான் கண்ணைச் சுருக்கி
இன்னொருத்தி எந்த வரிசையில் வருகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகடுகளின் நூல் சொல்கிறது:
தாவீதும் சாலமோனும் பல பெண்களை வைத்திருந்தது
தேவனுக்கு அருவருப்பு.
ஆர்டித் இங்கே இரண்டு கோடு போட்டிருக்கிறாள், அளவுகோல் வைத்து.
பின்னால் வந்த வெளிப்பாடோ,
உரியாவின் மனைவி விஷயம் தவிர
தாவீதின் மேல் பழி இல்லை என்கிறது,
அவர்களைக் கொடுத்ததே தேவன்தான் என்கிறது.

இங்கே கோடு இல்லை.
எழுதி அழித்திருக்கிறாள்,
மறுபடி எழுதி மறுபடி அழித்திருக்கிறாள்,
தாள் தேய்ந்து அரிசியளவு ஓட்டை விழும்வரை.
விளக்கில் பிடித்தேன். சாய்த்தேன்.
பின்பக்கத்தை விரலால் தடவினேன்.
அழுத்தி எழுதியது இந்த ஒரு இடத்தில்தான்.
இருந்தும் ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

டெல்வின் கிடங்கிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றினார்.
"என்ன படிக்கிறாய்?"
"நாலும் ஒத்துப்போகிறதா என்று."
"ஒத்துப்போகும்," என்று கை கழுவப் போனார்.
தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

என்னிடமும் பென்சில் இருந்தது.
அந்த ஓட்டையைச் சுற்றி எழுத இடமும் இருந்தது.
என்ன எழுதினாலும்
நாளை வருகிறவள் படிப்பாள்.

ஓட்டையின் வழியே
அடுத்த தாளிலிருந்து ஒரு சொல் எட்டிப் பார்த்தது:
மேலும்.