பக்கம் நான்கு

ஆறு வருடம் பிரீமியம் கட்டியிருக்கிறோம்,
பக்கம் நான்கை இன்றுதான் திறக்கிறேன்.
ரெய்யோ உள்ளறையில் தூங்குகிறான்,
இடுப்பெலும்பில் மூன்று திருகாணிகளோடு.
மருத்துவமனைக்கு இந்த மாகாணத்தில் காசு கேட்பதில்லை.
கேட்பது வங்கி,
கடனுக்கு மேப்பிள் பலகை தந்த மரக்கடை,
அவன் செய்து முடிக்காத
பாதிரியார் வீட்டு அலமாரி.

விபத்து என்றால்
திடீரென்று, வெளியிலிருந்து, எதிர்பாராமல்,
வேறெந்தக் காரணமும் கலவாமல்
நேரும் காயம்.
கலவாமல் என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.
இந்த வீட்டில் கலவாமல் எது நடந்திருக்கிறது?

நோய் என்றால்
பாலிசி அமலுக்கு வந்த பிறகு
முதன்முதலாகத் தலைகாட்டுவது.

விபத்துக்கு முதல் நாளிலிருந்தே பணம்.
நோய்க்குத் தொண்ணூற்றொன்றாம் நாளிலிருந்து.
இடையில் இருப்பதன் பெயர் காத்திருப்புக் காலம்.
நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன்:
பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்,
சுப்பீரியர் ஏரியில் பனி உடைந்து
முதல் கப்பல் ஊதிப் பல வாரம் கழித்து
ஒரு செவ்வாய்க்கிழமை.

விற்றுப் போன ஓர்வில் ஸ்டாங்
இந்த மேஜையில்தான் காபி குடித்தார்.
"சொந்தத் தொழில் இயலாமை, இரண்டு வருடம்.
அதற்குப் பிறகு எந்தத் தொழிலும் இயலாமை."
முதல் எழுத்து மட்டும்தான் வேறு
என்று நினைத்துத் தலையாட்டினோம்.
இப்போது புரிகிறது:
ரெய்யோவால் இழைப்புளி பிடிக்க முடியாவிட்டாலும்
வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழிக்க முடிந்தால்
மூன்றாம் வருடம் அவன் முழு மனிதன்.

டிசம்பரில் ஒருநாள்
மெருகேற்றும் இயந்திரத்தை அணைத்துவிட்டு
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
"தூசி" என்றான்.
கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மறுபடியும் தூசி.
பக்கம் ஒன்பதில் அந்தத் தூசிக்கும் ஒரு வரி உண்டு:
விவேகமுள்ள எவரும் மருத்துவரை நாடியிருக்கக்கூடிய அறிகுறி.
விவேகமுள்ளவன் என்று ரெய்யோவை
அவன் அம்மாகூடச் சொன்னதில்லை.

பத்தரை மணிக்குத் தொலைபேசி.
டெல்ஃபின் ப்ரோசோ, உரிமைகோரல் பிரிவு.
நல்ல குரல், ஜலதோஷம் பிடித்த குரல்.
"விழுவதற்குச் சற்று முன்
என்ன செய்துகொண்டிருந்தார்?"

சானா கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏணி வழுக்கியதா?"

ஏணியின் கால் பனிக்கட்டி மேல் இருந்தது. அது உண்மை.
பாத்திரம் கழுவியபடி நான் பார்த்தேன். அதுவும் உண்மை.
நெற்றியில் கை வைத்தான்,
மறந்துபோன பெயர் ஒன்றைத் தேடுகிறவன்போல.
பிறகு ஏணி போனதா, அவன் போனானா,
அந்த நொடியில்
குழாயை மூட நான் குனிந்திருந்தேன்.

இதில் எவ்வளவு சொன்னேன் என்று கேட்காதீர்கள்.
அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம்,
நின்று, மீண்டும் தொடங்கி, நின்று.
"படிவத்தில் இரண்டு கட்டம்தான், திருமதி ஹாலோனென்.
இரண்டிலும் குறியிட முடியாது."
தும்மினார். மன்னிப்புக் கேட்டார்.
"ஏணி, கூரை, சுற்றுப்புறம்,
எதையும் தொடாமல்
ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?"

ஜன்னலுக்குப் போனேன்.
ஏணி விழுந்த இடத்திலேயே கிடக்கிறது,
எல்லாருக்கும் சாட்சி சொல்லத் தயாராக.
கூரையின் மேல்
பனியில் நேராகக் குத்தி நிற்கிறது மண்வெட்டி.
திடீரென்று விழுகிறவன்
கையிலிருப்பதை
இத்தனை பத்திரமாக நட்டுவைத்துவிட்டா விழுவான்?

மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது.
வானொலி இருபது சென்டிமீட்டர் என்கிறது,
விடிவதற்குள்.
கைப்பிடிவரை மூடிவிடும்.

உள்ளேயிருந்து ரெய்யோ கேட்கிறான்,
யார் போனில்.
திரையில் பச்சைச் சதுரம்
மண்வெட்டி மேல் போய் நிற்கிறது,
விலகுகிறது,
மறுபடி
அதன் மேலேயே போய் நிற்கிறது.