காந்தம் ஒட்டாத இடம்

செட்டியார் தெருவில் இருபத்திரண்டு வருஷமாய்
அடகுக் கடை வைத்திருக்கிறேன்.
காந்தம் ஒட்டினால் அது பொன் இல்லை.
ஏறக்குறைய இவ்வளவுதான் என் படிப்பு.

அதே காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
ஞாயிறு காலை
தெமட்டகொடைத் தண்டவாளத்தோரம்
டெரன்ஸ் ஜான்ஸின் கராஜுக்குப் போனேன்.
இங்கே ஒட்டாவிட்டால்தான் பொய்.
கையைத் திருப்பிப் பழக்க வேண்டியிருந்தது.

தார்ப்பாயை உரித்தார்.
மஸ்டாங். அறுபத்தொன்பதாம் வருஷத்தது.
சிவப்பு.
போன மாதம் அடித்த சிவப்பு.
கூட்டாளியின் தோளைத் தட்டுவதுபோல் போனட்டைத் தட்டி
"வீ எய்ட். கம்பனியில் போட்டபடியே" என்றார்.
"ஒரு கோடியே நாற்பது.
தூதரகத்து ஆள் கப்பலில் கொண்டுவந்தது."

கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான்,
வளையலுக்கு முன்னால்
வளையலின் கதையை மேசையில் வைப்பார்கள்.
கதையை நான் நிறுப்பதில்லை.

பின்சக்கர வளைவில் காந்தம் வழுக்கி
என் செருப்பின் மேல் விழுந்தது.
உள்ளே பட்டி, விரல் தடிப்பில்.
கொழும்பில் எந்த வண்டியிலும்
கடலுக்கு ஒரு பங்கு உண்டு.
அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்,
விலையில் கழிப்பேன், அவ்வளவுதான்.

பிறகு கிளப்பினார்.
கூரைத் தகரம் அதிர்ந்தது.
மதில் மேலிருந்த பூனை இல்லாமல் போனது.
எட்டு சிலிண்டரும் பொய் சொல்லாமல் பேசின.
அந்த நிமிஷம் என் நெஞ்சு
முழு விலையையும் எண்ணிக் கொடுத்துவிட்டது.
கை மட்டும் கொடுக்கவில்லை.

கை, டாஷ்போர்டுத் தகட்டில் இருந்தது.
இரண்டு ரிவெட்.
ஒன்றின் தலை பூப்போல, பழசு.
மற்றது மொட்டைத் தலை,
பஞ்சிகாவத்தையில் கிலோவாக விற்கிற சாமான்.
மூக்குத்தியின் திருகாணி மாறியிருந்தால்
நான் கல்லைத்தான் இரண்டாம் தடவை பார்ப்பேன்.

பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண்ணை
ஒரு கோட்டால் வெட்டி மேலே வேறொன்று.
தொண்ணூற்று நாலாம் ஆண்டு முத்திரை.

"மட்காட்டின் உள்விளிம்பைக் கொஞ்சம் சுரண்டலாமா?"
ஜான்ஸ் தின்னர் போத்தலைத் தானே எடுத்துத் தந்தார்.
ஒளிக்கிறவன் தரமாட்டான்.
பிறைபோல் வெட்டிய இடுக்கில்
பெயின்ட் மூன்று பரம்பரை.
ரோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு துடைத்தேன்.
தகட்டில் ஐந்தாவது இடத்தில் எம்.
இரும்பில், அதே இடத்தில், டீ.

"டீ என்றால்?"
"ஆறு சிலிண்டர். ஆறோடு பிறந்த வண்டி."

ஒரு ரயில் போய் முடியும்வரை
அவர் பேசவில்லை.
"நான் வாங்கும்போது
என்னோடு ஒருவரும் வரவில்லை" என்றார் பிறகு.
சுதுமல்லி வீட்டை விற்ற காசாம்.
அவர் சொன்னதில் நான் நம்பிய முதல் கதை அது.
அதையும் நிறுக்கவில்லை.

தங்கமுலாம் வளையலை யாரும் திட்டுவதில்லை.
உள்ளதை எழுதுவோம்.
கடை ரசீதின் பின்பக்கத்தில்
அறுபத்தெட்டு லட்சம் என்று எழுதி நீட்டினேன்.
எஞ்சினுக்கு இவ்வளவு, உடம்புக்கு இவ்வளவு,
மாற்றிய தகட்டுக்கு ஒன்றுமில்லை.

ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும்.
கிழிக்கவும் இல்லை.
நான்காய் மடித்து
கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார்.
தார்ப்பாயை மூடும்போது
ஒரு முனையை நான் பிடித்தேன்.

பேஸ்லைன் வீதியில் தூறல்.
வதனி போனில் கேட்டாள்,
"என்ன, வாங்கியாச்சா?"
"உரைச்சுப் பார்த்தாச்சு."

சட்டைப் பைக்குள் காந்தம்
வீட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது.