எடைச்சீட்டின் பின்புறம்

கடைசி நீலம் லோடு இறங்கியாயிற்று.
நாளை மறுநாள் முதல் எங்கள் நாலு பேருக்கும்
இரண்டு நாள் லீவு.
கூழ் வாடை போகாத கையோடு
ஆய்வக மேசையில் ஓர் எடைச்சீட்டைக்
கவிழ்த்துப் போட்டு எழுதுகிறேன்.

சனி, விடியுமுன்: சையத் பாஷா மலை.
பதினோரு வருஷமாக பஸ் ஜன்னலில் பார்க்கிற பாறை,
ஒருநாளும் ஏறியதில்லை.
ஹைதர் ஆட்கள், திப்பு ஆட்கள்,
ஏறப் பார்த்து முடியாமல் திரும்பிய கும்பெனிப் படை,
எல்லாம் நஸ்ரின் படித்துச் சொன்னாள்.
"மேலே தண்ணி கிடைக்குமா?"
என்றார் பெலவேந்திரன்.
முற்றுகை போட்டவனும் இதைத்தான் கேட்டிருப்பான்.

பிறகு ராயக்கோட்டை.
தக்காளி வண்டிகளுக்கு நடுவே நுழைந்து
படிக்கட்டைப் பிடிக்க வேண்டும்.
பாராமகாலில் பன்னிரண்டு கோட்டை என்கிறார்கள்.
எண்ணிப் பார்த்தோம்.
எனக்குப் பதினொன்று வந்தது, நஸ்ரினுக்குப் பதினாலு.
"சராசரி பன்னிரண்டரை.
அந்த அரை, இடிஞ்சு போனதா இருக்கும்"
என்றார் முனிரத்தினம். வண்டி அவருடையது.
டீசல் பொது.

ஞாயிறு: தருமபுரி அகழ்வைப்பகம்.
விடுமுறை வெள்ளிதான், கேட்டாயிற்று.
அங்கே நடுகற்கள் நிற்கின்றன.
ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள்,
காலடியில் சிறிதாக ஒரு மாடு.
தொறு மீட்டுப் பட்டான்
இன்னார் மகன் இன்னான்.
ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்
நாலு மாட்டுக்காகச் செத்தவனுக்குக்
கல்லில் பேர் இருக்கிறது, நஸ்ரின் சொல்கிறாள்,
அப்பன் பேரோடு.

பெலவேந்திரனுக்கு ஒகேனக்கல் வேண்டும்.
மீன் வறுவல் வரலாறு இல்லையா என்கிறார்.
போனால் அஞ்செட்டி வழியாகத்தான் திரும்ப வேண்டும்.
இருட்டினால் யானை. வாக்கெடுப்பு இரண்டுக்கு ஒன்று.
முனிரத்தினம் மட்டும் கை தூக்கவில்லை.

"ஊத்தங்கரைப் பக்கம் ஒரு ஊர்.
பழம் ஏத்தப் போன இடம்.
பள்ளிக்கூடச் சுவத்துல ஒரு வெள்ளைக் கல்லு,
இங்கிலீஷ் எழுத்து.
வாத்தியார் படிச்சுச் சொன்னாரு:
இந்த ஊரிலிருந்து பெரிய சண்டைக்குப் போனவங்க
பதினாறு பேர்.
திரும்பி வராதவங்க மூணு."
"பேர்?"
"பேர் இல்ல. கணக்குதான்.
மேலே ஒரு ஆணி அடிச்சு
சத்துணவு அரிசி கணக்குப் பலகை தொங்குது."

யாரும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
எங்கே போனார்கள், கல் சொல்லவில்லையாம்.
பஸ்ராவாக இருக்கலாம், என்றாள் நஸ்ரின்.
குவைத்தில் அவள் வீட்டுக்காரர் ட்ரெய்லர் ஓட்டுகிறார்.
அவர் அறையிலிருந்து பஸ்ரா
கிருஷ்ணகிரிக்கும் வேலூருக்கும் உள்ள தூரம்தான்.
இரண்டு வருஷமாக வீடியோவில்
அதே மணலைப் பார்க்கிறாள்.

ஒகேனக்கலை அடித்தேன்.
பெலவேந்திரனே பேனாவை நகர்த்திக் கொடுத்தார்.
அந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று
கூட்டிப் பார்க்கச் சீட்டைத் திருப்பினேன்.

வண்டி எண். பாரம். வெறும் வண்டி. நிகரம்.
கீழே, ஓட்டுநர் பெயர் என்று ஒரு கோடு,
சீசன் முழுக்க ஆயிரம் சீட்டு பார்த்திருக்கிறேன்,
எதிலும் நிரப்பியதில்லை.

எழுதினேன்: முனிரத்தினம்.
"உங்க அப்பா பேரு?"
"எதுக்கும்மா? அந்தப் பழம்
கூழாகி டின்னாகிக் கப்பலும் ஏறியிருக்கும்."
"சொல்லுங்க."
"திம்மராயன்."

எழுதி முடித்தேன்.
மறுபடி கவிழ்த்தேன், திட்டத்துக்கு இடம் போதவில்லை.
ஓரத்தில் நெருக்கி:
நாலரைக்குப் புறப்பாடு.
தண்ணீர் கேன் இரண்டு.
கல்லைத் துடைக்க ஒரு பழந்துணி.
ஆணி பிடுங்கக் குறடு
என்று எழுதி, அடித்துவிட்டு,
வாத்தியாரைக் கேட்டுக்கொள்ளலாம்
என்று எழுதினேன்.