நாவாந்துறைத் தவறணைக் கடன் கொப்பி

கணக்காய்வு என் தொழில்.
நீக்கிலாப்பிள்ளையை நான் சந்தித்தது
ஒரு கடன் கொப்பியின் பதினேழாம் பக்கத்தில்.
பெயருக்கு நேரே "அப்போதிக்கரி".
அதன் கீழே, வேறு மையில்,
"குடிகாரனில்லை."

அவருடைய குறிப்பேடுகள் எங்குமில்லை.
இந்தத் தீவுகளின் நண்டையும் நத்தையும்
அவருக்கு முன் எவரும் எண்ணியதில்லையாம்.
எண்ணியது எத்தனை என்று கேட்டால்
சாராயக் கணக்குத்தான் சாட்சி.

1931 மாசி. பனஞ்சாராயம், அரைப் போத்தல்.
மறுநாள் மண்டைதீவில் குயினைன் கொடுக்கும் முறை.
அரைப் போத்தலுக்குள் என்ன ஊறும்?
கண்டல் வேரில் ஏறி முழிக்கிற
ஒரு விரல் நீள மீன்,
கூடிப்போனால் இரண்டு சிப்பி.
பங்குனி வெறுமை.
வள்ளம் கிடைக்கவில்லையோ, சம்பளம் வரவில்லையோ.
சித்திரை, எழுவைதீவு, இரண்டு போத்தல்.
வைகாசி, நெடுந்தீவு, நாலு.
சோளகம் எழும்பிய நாளில்
நாலு போத்தலையும் மடியில் அணைத்து
குமட்டிக்கொண்டு திரும்பியிருப்பார்.

பிறகு ஒரு பற்று:
"பாம்புப் போத்தலுக்குத் தண்டம், ரூபா ஐந்து."
ஊர்காவற்றுறை இறங்குதுறையில்
கலால்காரன் பெட்டியைத் திறந்து
மூடியைக் கழற்றி மணந்து பார்த்திருக்கிறான்.
உள்ளே கடற்பாம்பு, வாலைச் சுருட்டி.
அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்கியிராது.
இது என் ஊகம். கணக்கில் இல்லை.
தண்டத்தைக் கட்டியவர் தவறணைக்கார ஆழ்வார்.

"லண்டன் பார்சல், தபால் கூலி, கடன்."
ஏழு மாதம் கழித்து
"பார்சல் திரும்பியது. கூலி மறுபடியும் கடன்."
அடுத்த வரியிலேயே, அதே கிழமை,
முக்கால் போத்தல், புங்குடுதீவு.
மனுஷன் உட்கார்ந்து அழவில்லை.

1935 தை முதல் ஆனி வரை
ஒரு துளி இல்லை.
அப்போதிக்கரிமாரைக் குருநாகலுக்கு
அனுப்பியிருந்தார்கள், காய்ச்சலுக்கு.
அங்கே என்ன எண்ணினாரோ.

ஆடி பதினொன்று. திரும்பி வந்த மறுநாள்.
ஒன்பது போத்தல்.

ஒன்பது போத்தலுக்கு எந்தப் பிராணி?
ஆவுளியாவுக்குக் காணாது,
திருக்கைக்கு வாய் ஒடுக்கம்.
அந்தக் கிழமை வள்ளக்கூலி ஏதுமில்லை.
தக்கை வாங்கவில்லை, மெழுகு வாங்கவில்லை.
பதினேழாம் பக்கத்துக்குத் திரும்பினேன்.
"குடிகாரனில்லை" என்று எழுதிய மையும்
ஒன்பது என்று எழுதிய மையும் ஒன்று.

ஊர் கேட்டிருக்கும்.
விற்றவரே எழுதி வைத்த பதில் அது.

ஆவணி நாலு. கால் போத்தல். தக்கை ஒன்று.
பண்ணைக் கடலில், முழங்காலளவு தண்ணீரில்,
கால் போத்தலுக்குள் அடங்கும் ஏதோ ஒன்று
அவரைக் குனிய வைத்திருக்கிறது.

நிலுவை: ரூபா மூன்று, சதம் இருபது.
அறவிட முடியாக் கடன் என்று
கழித்துவிடுவதுதான் முறை.
பென்சிலை எடுத்தேன்.
கூட்டல் சரி என்று மட்டும் குறியிட்டேன்.