வாடகைப் புத்தகம்

பக்கம் பதினொன்று.
இரண்டு ஹார்ன், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஐம்பதடி ஒயர்.
வாங்கியவர்: டெல்ஃபின், பனைமரத்தொட்டி.
எதற்கு என்ற கட்டத்தில்
கச்சேரி என்று எழுதி, அடித்து,
சத்தம் என்று எழுதியிருக்கிறாள்.

கூட வந்தவன் நாகபூஷணம்.
கொருக்குப்பேட்டை யார்டு ஓரம் வெல்டிங் பட்டறை.
கிரைண்டரை ஓடவிட்டு
அதன் வாயருகே என் மைக்கைப் பிடித்துக் காட்டினான்.
கடை வாசலில் படுத்திருந்த நாய்
அன்று போனதுதான்.

ஆடி மாசம் அம்மன் பாட்டு,
கல்யாணத்துக்கு சினிமாப் பாட்டு.
சாவு வீட்டில் குறைத்து வை என்பார்கள், குறைப்பேன்.
என் தொழில் அவ்வளவுதான்.
இவர்கள் குறைக்கச் சொன்னதே இல்லை.

மூணாம் ஷிப்ட் என்று பேர் வைத்துக்கொண்டார்கள்.
ரெண்டே பேர். பாட மாட்டார்கள்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மிஷினை
டேப்பில் பிடித்து, மெதுவாக்கி
அவள் ஓடவிடுவாள்,
தூக்கத்தில் கடல் பல்லைக் கடிக்கிற மாதிரி.
அதன் மேல் அவன்
கன்டெய்னர் தகரத்தில் சங்கிலியை இழுப்பான்.

முதல் மேடை ஒரு மஞ்சள் நீராட்டு விழா.
ஏழு நிமிஷம்.
பிரியாணி அண்டா மூடிக்கு அவன் கை போனதும்
தாய்மாமன் பிளக்கைப் பிடுங்கினார்.
பக்கம் பதினான்கு:
ஹார்ன் ஒன்று நசுங்கல். முந்நூறு. பாக்கி.

அப்புறம் சாத்தாங்காடு பக்கம் ஒரு பிரஸ் கம்பெனி.
மூடி எட்டு மாசம். கேட்டுக்கு எதிரே பந்தல்,
பந்தலில் நாற்பது பேர், ஒரு கேரம் போர்டு.
மூடுவதற்கு முந்தின வாரம்
சாப்பாட்டு டப்பாவில் ரெக்கார்டரை ஒளித்து
பூஷணம் உள்ளே போயிருக்கிறான், கான்ட்ராக்ட் ஆளாக.
அன்று ராத்திரி அதைப் போட்டார்கள்.
யாரும் கை தட்டவில்லை.
ஒருத்தர் மட்டும் எழுந்து வந்து
ரெண்டு விரல் இல்லாத கையை ஹார்ன் மேல் வைத்தார்.
"நாலாம் நம்பர்பா இது.
பேரிங் போயிருக்கு, கேக்குதா?
சொல்லிக்கினே இருந்தேன், எவன் கேட்டான்."
அன்றைக்கு நான் வாடகை வாங்கவில்லை
என்று எழுத ஆசை.
வாங்கினேன். பாதி.

பெல்ஜியத்திலிருந்து கூப்பிட்டார்கள்.
பதினாறு நாள்.
திரும்பி வந்து டெல்ஃபின் சொன்னது:
"அங்க எல்லாரும் காதுல பஞ்சு வெச்சுக்கினு கேக்கறாங்கண்ணே."
பூஷணத்துக்கு அதற்குள் இடது காது போயிருந்தது.
அந்தப் பக்கத்துக்குப் பஞ்சு மிச்சம்.

முறுக்குக் கம்பி விளம்பரம் பார்த்திருப்பீர்கள்.
கட்டிடம் சரியும், கம்பி நிற்கும்,
அப்போது ஒரு டங்.
மூன்று நொடி.
அவர்கள் செய்ததில் ஊர் கேட்டது அது ஒன்றுதான்.
விற்றவன் அவன். அவளிடம் சொல்லவில்லை.
அந்தக் காசில் காது மிஷின் வாங்கினான் என்று
நான்தான் அவளிடம் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.
ஸ்டூலில் இருந்து எழுந்து
டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

பக்கம் நாற்பத்தியிரண்டோடு அவர்கள் கணக்கு நிற்கிறது.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
அவள் இப்போது ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர்.
அவனை மணலி பஸ்ஸில் ஒரு தரம் பார்த்தேன்,
வலது பக்கம் உட்கார்ந்து பேசச் சொன்னான்.
கணக்கைப் பற்றிப் பேசவில்லை.

நேற்று கரண்ட் போச்சு.
அவர்கள் விட்டுப்போன கேசட் ஒன்றை
பேட்டரியில் போட்டேன்.
எண்ணூர் முகத்துவாரத்தில் எடுத்தது.
குழாயில் சாம்பல் தண்ணீர் போகிறது,
தூரத்தில் கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாக முட்டிக்கொள்கிறது,
அவன் தட்டுகிறான், அவள் விடுகிறாள்,
நடுவில் என் குரல்:
"டீசல் தீருது, நிறுத்திடவா?"
பதில் இல்லை.
இன்னும் நாலு நிமிஷம் ஓடுகிறது.
ஜெனரேட்டர் தானாக இருமி அடங்குகிறது.
அடங்கிய இடத்தில்
ரெண்டு பேரில் யாரோ சிரிக்கிறார்கள்.

திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.
யாரென்று தெரியவில்லை.